மூன்றாம் கவுண்டர்

காரைக்குடி, கல்லுக்கட்டி. மூன்றாம் கவுண்டர் என்னுடையது.
பை நிறைந்ததும் எல்லாம் எடுத்துப் போகிறார்கள்,
சீட்டைத் தவிர.
தள்ளுவண்டி அடியில் வெங்காயத் தோலோடு கிடக்கும்.
எடுத்துக்கொள்வேன்.

நேற்று மதியம் வரை ஆயிரத்து நாற்பத்தேழு.
பிஸ்கட் டப்பா நான்கு நிறைந்து
ஐந்தாவதற்காக ரஸ்க் தின்றுகொண்டிருக்கிறேன்.

மாத்திரை அட்டையில், மொய்க் கவரைக் கிழித்து,
சிகரெட் பெட்டி முதுகில் ஒருவர்:
'கல்பாசி, மராட்டிமொக்கு, அவளுக்குத் தெரியாமல் ஜிலேபி.'
செக்காலையிலிருந்து வருபவர்
உப்பை எப்போதும் இரண்டு முறை எழுதுவார்.
'சோப்பு' என்றெழுதி, அடித்து,
'நல்ல சோப்பு' என்று திருத்தியது யார்?
மூன்று மாதமாகக் காசு நீட்டும் விரல்களைப் பார்க்கிறேன்.

ஞாயிறு லீவு.
கண்ணை மூடி ஒரு சீட்டு உருவுவேன்.
அதில் இருப்பதுதான் அன்றைக்குச் சமையல்,
விதியை மாற்றுவதில்லை.
கத்தரிக்காயும் புளியும் வந்த வாரம் ராஜபோகம்.
போன வாரம்:
பினாயில், மெழுகுவர்த்தி, பச்சைநாடன் ஒரு சீப்பு.
மூன்று வேளையும் பழம்.
ராத்திரி மெழுகுவர்த்தி ஏற்றித் தின்றேன்,
கரண்ட் இருந்தது.

நேற்று ஒரு அம்மாள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.
'சீட்ட விட்டுட்டேன்மா, பின்னால ஒரு நம்பர் இருக்கு.'
குனிந்தேன். மேசைக்கடியில்
கொஞ்ச நேரம் தேடுவதுபோல் தேடி
இடுப்பிலிருந்து எடுத்து நிமிர்ந்தேன்.
'உனக்குக் கண்ணுதான் கண்ணு, அழகுநாச்சி.'
பெயர்ப்பட்டையைப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ராத்திரி அதை நினைவிலிருந்து எழுதினேன்:
து. பருப்பு, கறுப்பு நூல்கண்டு, சேமியா சின்னது.
எல்லாம் சரி.
ஆனால் என் கையெழுத்து.
செல்லாது.

ஆயிரத்து நாற்பத்தாறு.