ஆட்டம்

தார்த்து நகரம், ஆற்றுக்கு அக்கரை, மூன்றாம் மாடி.
என் மேசைக்கு ஒரு கால் குட்டை.
இருப்பு பற்றி எழுதிய கட்டுரையின் நான்காம் பக்கத்தை
எட்டாக மடித்து அடியில் செருகினேன்.
நின்றுவிட்டது.
பதினோரு வருடத்தில் அந்தப் பக்கம்
தாங்கிய ஒரே பொருள்.

பிறகு மூன்று நாள்
ஒரு வரி வரவில்லை.
கறுப்பு ரொட்டித் துகளை விரலால் ஒற்றித் தின்றேன்.
பென்சில்களை உயரப்படி நிறுத்தினேன்.

பனி வாரும் வண்டி ஓட்டும் ஹெய்கி
கதவைத் தட்டினான்.
ஊர்த் தெருவெல்லாம் உப்புத் தூவுகிறவன் வீட்டில்
சூப்புக்கு உப்பில்லை.
போகிற போக்கில் மேசையை அசைத்துப் பார்த்து,
"என்ன, செத்துப்போச்சா?" என்றான்.

அவன் போனதும் குனிந்து காகிதத்தை உருவினேன்.
முழங்கை வைத்தேன்.
டக்.
காப்பி தளும்பி
"ஆகவே" என்ற சொல் கரைந்தது.
போகட்டும், அங்கே அது அதிகப்படி.

பிரித்த பக்கத்தில் எட்டுக் கட்டம்.
இருப்பு ஒன்றில், இன்மை பக்கத்தில்.
சில்லு எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.
பேனா ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டது,
கோட்டை மிதிக்காமல்
டக்,
டக்.