கூடுதலாய் ஓர் எழுத்து

காக்ஸ் டவுன் ஸ்கேன் சென்டரில்
டாக்டர் சொல்லச் சொல்ல அடிக்கிறவன் நான்.
கல்லீரல் வழக்கமான அளவு. பித்தப்பையில் கல் இல்லை.
சிறுநீரகம் இரண்டும் அதனதன் இடத்தில்.
கால் என்று வந்தால் மட்டும்
விரல் தானாகப் போய் விழும், டார்ச்சுவஸ் என்ற சொல்லில்.
நாளைக்கு ஏழெட்டுத் தடவை.
அர்த்தம் கேட்டவர் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில்
நடுவில் ஓர் 'ஆர்' கூடுதலாக விழுந்துவிட்டது.
டாக்டர் ஹெப்பார் கண்ணாடியை இறக்கினார்.
"நரம்பு கோணலாகப் போகிறது என்று நான் சொன்னேன்.
நீ அடித்திருப்பது சித்திரவதை."
சிவப்பு மசியில் ஒரு கோடு.

புதன்கிழமை அமலோற்பவம் வந்தார்.
கமர்ஷியல் தெருவில் சுடிதார் கடை,
பத்தொன்பது வருஷம்,
காலை பத்தரை முதல் இரவு ஒன்பது வரை.
படுக்கப் போனவரை
மரப்படி மேல் ஏறி நிற்கச் சொன்னார் டாக்டர்.
நின்றால்தான் தெரியும்
ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று.
"இங்கேயுமா?" என்றார் அமலோற்பவம்.
திரைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

பிறகு காகிதத்தோடு என் மேசைக்கு வந்தார்.
"இந்த வார்த்தைக்கு என்ன தம்பி அர்த்தம்?
போட்டோ எடுத்து அனுப்பினேன்,
டார்ச்சர்னு எழுதியிருக்காம், எம் பொண்ணு சொல்றா."

வளைந்தது, என்றேன்.
"வளைஞ்சு கொடுன்னுதான் சேர்ந்த நாள்லயே சொன்னாங்க,
சொல்ப அட்ஜஸ்ட் மாடின்னு."

நெளிந்தது.
"நெளிவு சுளிவு தெரிஞ்சவங்கல்லாம்
கல்லாப் பக்கம் போயிட்டாங்க.
அங்க ஸ்டூல் இருக்கு."

முறுக்கிக்கொண்டது.
"முறுக்கிக்கிட்டுப் போன ரெண்டு பேரை
அப்புறம் சேர்த்துக்கவே இல்லை."

திருகியது, என்றேன், கொஞ்சம் பயந்துகொண்டே.
யோசித்தார்.
"திருகினா மூடணுமே தம்பி.
உள்ள வால்வு மூடலைன்னுதானே டாக்டர் சொன்னாங்க?"

கையிருப்பு தீர்ந்து கணினியில் தேடினேன்.
பாம்பு போல, மலைப்பாதை போல, ஆறு போல
என்று அடுக்கியது.
ஆறில்லாத ஊரில் எனக்கு ராஜகால்வாய்தான் ஞாபகம் வந்தது:
ஏரிக்கு இறங்க வேண்டிய தண்ணீர்
சுவர் சுவராகத் திரும்பித் திரும்பி
மழை நாளில் கட்டிலுக்கு அடியில் வந்து நிற்கும்.
சொல்லவில்லை.

அவர் சுடிதார்க் காலை முழங்கால் வரை சுருட்டினார்.
பச்சையும் ஊதாவுமாக, மேடு தட்டி.
விற்க எடுத்துக் காட்டுகிறவர் போல
ஒரு விரலால் தடவினார்.
"எங்க கடையில க்ரஷ் துப்பட்டா வரும்.
ஈரத்தோட முறுக்கி, முடிச்சுப் போட்டு
காயவெச்சுடுவாங்க.
பிரிச்சாலும் நேராகாது, இஸ்திரி போட்டாலும் நேராகாது.
அதுக்கு விலை ஜாஸ்தி."

சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

"அப்போ பொண்ணு சொன்னது தப்பா?"
தப்புதான்மா, ஒரு எழுத்து வித்தியாசம், என்றேன்.
"ஒண்ணுதானா?"

ரசீதுக்கு இன்னும் பத்து நிமிஷம் ஆகும்,
உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு
திரும்பி அடிக்க ஆரம்பித்தேன்.
ஆண், நாற்பத்தெட்டு, ஏடிஎம் காவலாளி, இடது கால்.

கண்ணாடிக் கதவு திறந்தது.
நனைந்த குடையோடு ஒரு தம்பதி.
அவர்கள் காலெடுத்து உள்ளே வைக்கும் முன்பே
அமலோற்பவம் எழுந்து நின்றிருந்தார்,
கை பாதி உயர்ந்து,
இல்லாத அலமாரியின் பக்கம்.

அவரிடமே கேட்டார்கள், டோக்கன் எங்கே என்று.
காட்டினார்.
குடையை வாங்கி மூலையில் வைத்தார்.
நாற்காலி இரண்டுதான் காலி.
"உட்காருங்க மேடம்," என்றார், "உட்காருங்க சார்."