வாரம் ஒருமுறை சாகிறவன்

கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த வீட்டை
இருபது நாளைக்கு வாடகைக்கு எடுத்தார்கள்.
சிறுவர் தொடருக்கு அரக்கன் குகை வேண்டுமாம்.
பர்மாத் தேக்குத் தூண்களில்
தெர்மாகோல் பாறை ஒட்டினார்கள்.

உயரம் பார்த்து என்னைப் பிடித்தார்கள்.
காரைக்குடிப் பழைய சாமான் கடைகளில்
கதவும் நிலையும் தூக்கி இறக்கும் ஆள் நான்.
"ஆறடி ரெண்டு அங்குலம். போதும்.
முகம் தேவையில்லை" என்றார் மேலாளர்.

முகத்துக்கு மேல் மூன்று ரப்பர் முகம்.
நடுவில் சிங்கம், வலப்பக்கம் யானை,
இடப்பக்கம் இருந்தது என்னவென்று
செய்தவருக்கே தெரியவில்லை.
பல்லியாக இருக்கலாம்.
என் மூக்கு வருமிடம் சிங்கத்தின் வாய்.
சித்திரை வெயில் அதன் வழியாகத்தான் உள்ளே வந்தது.

எதிரே ஐந்து பேர்.
சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், ரோஜா.
ஒவ்வொருவராக அடித்தால் எனக்கு வலிக்காது,
ஐந்து ஆயுதத்தையும் ஒன்றாகப் பூட்டினால் வெடித்துவிடுவேன்.
கதையின் சட்டம் அது.
இருபது நிமிடம் ஆகும்வரை
அவர்களில் ஒருவருக்கும் அது ஞாபகம் வராது.

குரல் பிறகு சென்னையில் போடுவார்களாம்.
"வாய் அசைஞ்சா போதும், எதையாவது சொல்லுங்க."
எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.
இரு கைகளையும் வானுக்கு உயர்த்தி,
"இரட்டைக் கதவு, கஜலட்சுமி செதுக்கினது, எண்பதாயிரம்!"
பச்சைக்காரன் கழுத்தைப் பிடித்து,
"கொறைச்சுக் கேட்காதீங்க, கட்டாது!"
ஒளிபரப்பில் அது
"உலகமே இனி என் காலடியில்" என்று வந்தது.
மகள் மௌனிகா தட்டை வைத்துவிட்டுக் கத்தினாள்:
"சாவுடா!"
பக்கத்தில் உட்கார்ந்து இட்லி பிட்டுக்கொண்டிருந்தேன்.
நான்தான் என்று இன்னும் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது.
ஐப்பசிச் சஷ்டியில் எங்கள் ஊரில்
சூரனைச் சுமக்கும் ஆறு பேரில் முன்பக்கம் எனக்கு.
பதினாலு வருஷமாக.
மேலே தலையை மாற்ற மாற்ற
கீழே நாங்கள் ஓட வேண்டும், சுற்ற வேண்டும்,
சாமியை முட்டுவதுபோல் போய்ப் பின்வாங்க வேண்டும்.
கடைசியில் மாங்கொப்பைக் கட்டிக்கொண்டு
மரமாக நிற்போம்.
வேல் வந்து பிளக்கும்.
பாதி சேவல், பாதி மயில்.
கொன்றவரே கொடியில் ஏற்றிக்கொள்வார்,
முதுகில் உட்கார்ந்து ஊரும் சுற்றுவார்.

அதனால்தான் பதினோராம் நாள் கேட்டேன்:
"வெடிச்ச பிறகு நான் என்னவா ஆவேன் சார்?"
இயக்குநர் நல்ல மனுஷன். கொஞ்சம் யோசித்தார்.
"ஒண்ணும் ஆக மாட்டீங்க. புகை.
அடுத்த வாரம் தேள் ராணி."

அன்று நாலு மணிக்குக் கடைசி அடி.
விழ வேண்டிய இடத்தில் மெத்தை கிடந்தது.
விழவில்லை நான்.
கைகளைக் கிளையாக விரித்து
நின்றுவிட்டேன்.
வளவின் மேற்குச் சன்னல் கண்ணாடியிலிருந்து
சிவப்பும் நீலமும் பச்சையும் மஞ்சளும்
இறங்கி வந்து என் ரப்பர் நெஞ்சில் படிந்தன.
ரோஜாவுக்கு மட்டும் அந்தச் சன்னலில் கண்ணாடி இல்லை.
ரோஜா உடைக்குள் இருந்தவன்
தேவகோட்டைச் சிலம்பக்காரப் பையன்.
"விழுங்கண்ணே, சம்பளத்துல பிடிப்பாங்க" என்றான்.

விழுந்தேன்.
நின்றதை வெட்டிவிட்டார்கள்.
புகை நன்றாக வந்திருந்தது.

ஐப்பசி வந்தது.
பெரியவர்கள் அரோகரா என்றார்கள்.
பிள்ளைகள் ஐந்து விரலையும் விரித்து,
"ஐவர் அணி, தாக்கு!" என்று
சூரனைப் பார்த்துக் கத்தினார்கள்.
என் வீட்டுக் குரலும் அதில் கேட்டது.
பின்னால் சுமந்த செல்லையா சிரித்ததில்
மூங்கில் குலுங்கியது.

சூரனை இறக்கிவைத்தோம்.
சேவலைப் பறக்கவிட்டார்கள், அது பறக்கவில்லை.
சிந்திக் கிடந்த பொரியைக் கொத்திக்கொண்டே
பிள்ளைகள் பக்கம் நடந்தது.
அதற்குப் பயந்து மௌனிகா ஓடிவந்து
என் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.