இழுவை

சட்டி சரிந்தது, அவ்வளவுதான்.
வியாசர்பாடியில் அன்று மழை இல்லை,
சண்டை இல்லை, கரண்ட்டும் இருந்தது.
பேஜோ பொரிந்துகொண்டிருந்த எண்ணெய்
வீணாகப் போகிறதே என்று
கை தானாகப் போய்த் தாங்கியது.
வலது கை.

புண் மூட எண்பது நாள்.
சிவப்பாக, மினுமினுப்பாக மூடியது.
எதிர்வீட்டு டெய்சி கேக் வாங்கி வந்தாள்.
கேக் தீர்ந்த வாரம்
சுண்டுவிரல் படுத்தது.
அடுத்து மோதிர விரல்.
எதையோ ஒளித்து வைத்திருக்கும் பிள்ளையின் கைபோல
உள்ளங்கை குவிந்தது.
விரித்துக் காட்டு என்றால் காட்ட மாட்டேன் என்றது.

அத்தோ பிசைய விரிந்த கை வேண்டும்.
நூடுல்ஸ், கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி
எல்லாம் விரலிடுக்கில் போய்த் திரும்ப வேண்டும்.
குவிந்த கையால் பிசைந்தால்
அது அத்தோ இல்லை, உருண்டை.

ஸ்டான்லியில் கைக்கென்றே ஒரு வார்டு.
பிசியோ பெண் நஸ்ரின்
ஓ.பி. சீட்டின் முதுகில் படம் போட்டாள்.
"இவங்க செல்லுக்கா. சும்மா இருக்கும்போது நார் நெய்றவங்க.
காயம் பட்டா உடம்புல தசையை ஏத்திக்கிட்டு
ஓரத்தைப் புடிச்சு நடுவுக்கு இழுப்பாங்க.
அப்படித்தான் உங்க புண்ணு மூடிச்சு."
அவர்களுக்கு நீளமாக ஒரு பெயர் சொன்னாள்.
என் நாக்கில் அது நிற்கவில்லை.

எனக்குத் தெரிந்தது திருவொற்றியூர்த் தேர்.
வடம் பிடித்தவனுக்குத் தேர் தெரியாது,
முன்னால் நிற்பவன் முதுகுதான் தெரியும்.
இழு என்பது மட்டும் காதில் விழும்.
சக்கரத்தடியில் கட்டை போட ஆளில்லையென்றால்
தேர் தெருமுனைக் கடைக்குள் போய் நிற்கும்.

"வேலை முடிஞ்சா அவங்க செத்துடணும்" என்றாள்.
"சொல்லாம கொள்ளாம போயிடணும்.
சில பேரு போறதில்ல."

கொழுந்தன் மாசிலாமணியின் கல்லீரல்
கல்லாகிப்போனதும் இப்படித்தானா என்று கேட்டேன்.
நஸ்ரின் பேனாவை மூடினாள்.
அங்கேயும் இதே ஆட்கள்தானாம்.
தினமும் புதுக் காயம் என்பதால்
வேலை முடியவே இல்லையாம்.

மூன்று வருடம் அவனைத் திட்டியிருக்கிறேன்.
அவன் கிழிக்கக் கிழிக்க
உள்ளே யாரோ
தைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அறுத்தார்கள். தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள்.
இப்போது ராத்திரி முழுக்கக்
கையில் மட்டை கட்டிப் படுக்கிறேன்.
என் தேருக்கு அதுதான் கட்டை.
பேசின் பிரிட்ஜ் பக்கம் கூட்ஸ் போகும்போது
முழிப்பு வரும். உள்ளே இழுக்கிறார்கள்.
தூக்கமில்லாத ஜனங்கள்.

கோபம் என்று சொல்ல முடியவில்லை.
இவர்கள் வராமல் இருந்திருந்தால்
திறந்தே கிடந்திருப்பேன்.
ஆனால் போதும்பா, போங்க என்று
கைக்குள்ளே எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது?

செவ்வாய்க்கிழமை ஸ்கேல் வைத்து அளந்தாள்.
மேசைக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே
இன்னும் ஒரு சென்டிமீட்டர்.
போன மாதம் நாலு.

நேற்று கடை திறந்து
முதல் தட்டு பிசைந்தேன்.
வாங்கியவர் கையைப் பார்க்கவில்லை, மிக்சர்தான் கேட்டார்.
அவர் போன பிறகு பார்த்தால்
மடங்கிய விரலடியில்
கொஞ்சம் நூடுல்ஸ் தங்கியிருந்தது.
வழித்து நானே தின்றேன்.
காரம் தூக்கல்.