இரண்டரை மூட்டை

நெல் கொள்முதல் நிலையத்துத் தராசில்
ஆளில்லாத மத்தியானம் ஏறி நின்றேன்.
நூற்று இரண்டு.
நாற்பது கிலோ மூட்டைக் கணக்கில்
இரண்டரை, அதன்மேல் கொஞ்சம் சிந்தல்.
ஈரப்பதம் பார்க்காமல் எடுத்துக்கொள்வார்களா
என்று எனக்கு நானே சிரித்தேன்.
சாக்கு தைக்கிற பழனியாண்டி
கோணி ஊசியோடு உள்ளே வந்தவன்
பார்த்தும் பார்க்காமல் திரும்பிப் போனான்.
அது பெரிய உதவி.

நீடாமங்கலத்தில்
மண் பரிசோதிப்பது என் உத்தியோகம்.
பொட்டலம் பொட்டலமாக வயல்கள் வரும்.
வடுவூர், கோட்டூர், தலைஞாயிறு.
உலர்த்திச் சலித்துக் கரைத்து வடிகட்டி
அட்டையில் எழுதுவேன்:
துத்தநாகம், குறைவு.
ஏக்கருக்குப் பத்து கிலோ, மணலில் கலந்து,
டிஏபியோடு சேர்க்காமல்.

போன வாரம் கும்பகோணத்திலிருந்து
என் ரத்தத்தின் அட்டை வந்தது.
டாக்டர் மெஹருன்னிசா பேனாவால் சுழித்த இடத்தில்
அதே இரண்டு சொற்கள்.
நானே எழுதியது போலிருந்தது.

"இன்சுலின் உங்ககிட்ட ஏகத்துக்கு இருக்கு தையல்நாயகி.
செல்லுதான் காது கொடுக்கல."

தெரியும் மேடம், என்றேன்.
மேட்டூர் திறப்பார்கள். கல்லணை தாண்டி
வெண்ணாறு இரு கரையும் தொட்டு ஓடும்.
கடைமடைக்காரன் மதகடியில் குந்தியிருப்பான்,
மதகு துருப்பிடித்து இறுகியிருக்கும்.
இன்னும் திற, இன்னும் திற என்று மனு போடுவான்.
மேலே கரை உடையும்.
கீழே நாற்று காயும்.

அவர் எழுதுவதை நிறுத்தினார்.
"வயிறு நிறைஞ்சாச்சுன்னு சொல்ல
கொழுப்பே மூளைக்கு ஆள் அனுப்பும்.
உங்க உடம்புல அந்த ஆளுங்க கூட்டம்.
தட்டித் தட்டி, கதவுக்கே மரத்துப்போச்சு."
பிறகு சீட்டைக் கிழித்தபடி,
"இந்த மாத்திரையால இளைச்சிடுவோம்னு நினைக்காதீங்க.
குறையறதை நிரப்புறோம்.
மதகு அசையுமா, பார்க்கலாம்."

பார்க்கலாம் என்று ஒரு டாக்டர் சொல்லி
அன்றுதான் கேட்டேன்.

இருபது வருடமாக எல்லாருக்கும் நிச்சயமாகத் தெரியும்.
வாயைக் கட்டு என்றாள் அண்ணி.
பெண் பார்க்க வந்த அம்மாள்
பஜ்ஜித் தட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து,
ஒன்றும் சொல்லாமலே சொன்னாள்.
ரெண்டு டிக்கெட்டா என்றான் வலங்கைமான் பஸ் கண்டக்டர்.
பயிர் பழுத்து நிற்கிற வயலைப் பார்த்து
வாயைக் கட்டு என்று
ஒரு விவசாயியும் சொல்லிக் கேட்டதில்லை நான்.

முதல் நாள் வெறும் வயிற்றில் போட்டேன்.
பழைய பத்துப் பைசாவை நக்கியது போல் நாக்கு.
ஆபீஸ் குழாயடியில் குமட்டி நிமிர்ந்து
உறையைத் திருப்பிப் பார்த்தால்
மருந்துக்கடைப் பையன் கிறுக்கியிருந்தான்:
சாப்பிட்ட பிறகு.

என்னைச் சாப்பிடச் சொல்லி
எழுத்தில் வந்த முதல் உத்தரவு.
நாலு இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி,
நிதானமாக,
யாரையும் பார்க்காமல்.

மூன்று மாதம் கழித்து, அதே தராசு.
அரைக் கிலோ குறைவு.
போன தடவை செருப்போடு ஏறினேனா,
ஞாபகமில்லை.
பழனியாண்டியைக் கேட்கலாம்.