பதினாறு புள்ளிக்குள் ழகரம்

டிக்கெட் மெஷினில் ஓர் எழுத்துக்கு
பதினாறு புள்ளி உயரம்.
ப சதுரமாய் உட்கார்ந்துவிட்டது.
ட எப்போதுமே சொன்ன பேச்சு கேட்கும்.
ழ மட்டும்
வாலை எங்கே வைப்பது என்று
மூன்று நாளாய் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வண்ணார்பேட்டையில் மாடி அறை.
கீழே கொத்துபரோட்டாச் சத்தம்.
எதிர் மேசையில் நாகூர் மீரான்
பைட் பைட்டாய் எண்ணுகிறான்,
தங்கப்பொடி நிறுக்கிறவன் மாதிரி மூச்சடக்கி.
"வால வெட்டிரு. யாரு பாக்கப் போறா?"

வெட்டினேன்.
கீழாம்பூர் கீமாம்பூர் ஆயிற்று.
வெள்ளாங்குழிக்காரர்கள் இனி
வெள்ளாங்குமியில் இறங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சென்னை அலுவலகத்தின் மின்னஞ்சலில் ஒரே சொல்: எளிமை.
கூடவே ஒரு பட்டியல்:
டிக்கெட்டின் தலையில் மயில்,
காலில் 'நன்றி, மீண்டும் வருக'.
மயிலை வரைந்ததும் நான்தான்.
தோகைக் கண்கள் ஒவ்வொன்றுக்கும் ஒன்பது புள்ளி,
இரண்டு இரவு.

சோதனை ஓட்டம். காலை ஐந்து நாற்பது,
ஜங்ஷனிலிருந்து கடையம்.
கண்டக்டர் ஆவுடையப்பன் கையில் கொடுத்தேன்.
என் திரையில் ஒவ்வோர் ஊரும்
மெல்ல வழுக்கி வந்து நடுவில் நிற்கும்,
சுற்றிலும் வெள்ளை வெளி.
அந்த வழுக்கலுக்கு முக்கால் நொடி.
அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

அவர் திரையைப் பார்க்கவே இல்லை.
ஒரு கை கம்பியில், வாய் "உள்ள போ, உள்ள போ",
கட்டைவிரல் மட்டும் பொத்தானில்.
பத்தமடை வருமுன் அறுபத்து மூன்று பேர்.
அறுபத்து மூன்று முக்கால் நொடிகள்
படிக்கட்டில் நெருக்கிக்கொண்டு நின்றன.

"எம்மா, இவ்வளவு வெள்ளை எடம் என்னத்துக்கு?"
"கண்ணுக்கு ஓய்வுண்ணே."
"கண்ணு சும்மாத்தான கெடக்கு.
வெரலுக்கு யாரு ஓய்வு குடுப்பா?"

அவர் வாயில் ஊர்கள் எப்போதோ சுருங்கியிருந்தன.
சேரன்மகாதேவி சேர்மாதேவி.
கல்லிடைக்குறிச்சி வெறும் கல்லிடை.
அம்பாசமுத்திரத்தில் சமுத்திரத்தையே வடித்துவிட்டு
அம்பை.
எந்தக் குழு கூடி முடிவெடுத்தது இதை?
கடைசி சீட்டுக்குக் கேட்க வேண்டும்,
வண்டி நிற்குமுன் சொல்லி முடிக்க வேண்டும்,
அவ்வளவுதான் கணக்கு.
ஆனாலும் அம்பை என்னும்போது
உதடு ஒருமுறை மூடித் திறப்பதில்
ஒரு சுகம் மிச்சம் இருக்கிறது.
அதை யாரும் கணக்கில் எழுதியிருக்க மாட்டார்கள்.

அம்பை தாண்டி ஒரு பெண்
டிக்கெட்டைத் திருப்பி நீட்டினாள்.
"இது எங்க ஊரு இல்ல."
"கீளாம்பூருதான கேட்ட?"
"கீளாம்பூருதான். இதுல வேற என்னமோ போட்டிருக்கு."

இரண்டு வாயிலும் ளகரம்தான்.
தாளில் மட்டும் அவளுக்கு ழ வேண்டியிருந்தது.
மன்னிப்பு கேட்கவும் தோன்றாமல்
அந்தக் கீமாம்பூரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மடியில் கணினியைத் திறந்து
மயிலை எடுத்தேன்.
நன்றியை எடுத்தேன், வருகவை எடுத்தேன்.
வழுக்கலை நிறுத்தினேன்;
ஊர்கள் இப்போது டக்கென்று வந்து நிற்கின்றன,
அழைக்காத விருந்தாளி போல.
போனில் மீரானிடம் கேட்டேன்:
ழ-வுக்கு மட்டும் இருபது புள்ளி.
"ஒண்ணு ஒசந்தா எல்லா வரியும்லா ஒசரும்!"
"மயில் எடத்த எடுத்துக்கோ."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு சொன்னான்: "பாவம், நல்ல மயிலு."

மறுநாள் ஆவுடையப்பன் சொன்னது இவ்வளவே:
"ரோலு திரும்பி வாறது வரைக்கும் வந்துச்சு."
எழுத்தைப் பற்றிக் கேட்டேன்.
"எந்த எழுத்து?"

சென்னையிலிருந்து ஒரு வரி வந்திருக்கிறது:
மயில் எங்கே?
இன்னும் பதில் எழுதவில்லை.
ழ-வின் வால் திரும்பும் இடத்தில்
ஒரு புள்ளி கூடுதலாய்த் துருத்துகிறது.
எடுத்தால் வளைவு சரியாகும்,
இருந்தால் மங்கிய தாளிலும் தெரியும்.
அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.