முக்கால்

சென்ற் எத்தியேனில்
முன்பு துப்பாக்கி செய்த தொழிற்சாலைக்கு எதிரே
டிராம் நிறுத்தத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை
பெஞ்சைக் காணவில்லை.
பதிலுக்கு ஐந்து கதிரைகள்.
ஒவ்வொன்றுக்கும் மூன்றே கால்.

(எழுதிவிட்டுப் பார்க்கிறேன்,
மூன்றேகால் என்றும் வாசிக்கலாம் போல.
என் டிராமும் மூன்றேகாலுக்குத்தான்.)

முக்காலி அல்ல, முக்காலி தானாக நிற்கும்.
இவற்றுக்கு முன்பக்கம் இடது மூலை வெறுமை.
கல்யாண வீட்டில் குடித்தவனைச்
சுவரோடு சாய்த்து வைப்பதுபோல
கம்பத்தோடு சாய்த்திருந்தார்கள்.
மேலே ஒரு பலகை:
நான்காவது கால் உங்களுடையது.

கோட்டு போட்ட ஒருவர் இருந்தார்,
பழக்கதோஷத்தில் கால்மேல் கால் போட்டார்,
விழுந்தார்.
போனில் மூழ்கிய பையன் விழுந்தான்.
ரொட்டி வாங்கி வந்த புவாலெம்
இருக்கவே இல்லை.
அறுபத்தெட்டு வயதில் கதிரைக்கு நான் உதவுவதா, என்றார்.

கொஞ்சம் தள்ளி ஒரு பெண்,
மஞ்சள் மழைக்கோட்டு, கையில் குறிப்பேடு, நிறுத்துக் கடிகாரம்.
மாயெல். செய்தது அவள்தான்.
"சராசரி ஆறு நிமிடம்" என்றாள்,
"பிறகு தொடை நடுங்கும்.
உட்கார்வதும் ஒரு வேலை என்பதை
எல்லோரும் மறந்துவிட்டோம், இல்லையா?"
பத்து மணிநேரம் நின்று கோப்பை கழுவுகிறவனிடம்
கேட்கிற கேள்வியா இது.

இருந்தேன்.

மூன்றேகால் டிராம் வந்தது, போனது.
அடுத்ததும்.
சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து
இடியப்பம் முழுவதையும் தின்று முடித்தேன்.
கதிரை ஒரு முனகல் இல்லை.
இருபத்தேழாவது நிமிடம் மாயெல் கிட்ட வந்து
எப்படி, என்றாள்.
காற்சட்டை மேலாகத் தட்டிக் காட்டினேன்.
டொக், டொக்.
முழங்காலுக்குக் கீழே லியோனில் செய்தது,
நடுங்கத் தெரியாது.
அசல், ஒரு வாய்க்கால் கரையில்.

அவள் முகம் சிவந்தது.
மன்னியுங்கள், உங்களை நான் யோசிக்கவே இல்லை,
என்று அவள் தொடங்க
இல்லை இல்லை என்றேன்.
டிராமில் எனக்கென்று ஒதுக்கிய இருக்கை உண்டு,
படம் போட்டது,
என்னைக் கண்டதும் முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்ளும்.
பதினாறு வருடத்தில்
இந்தக் காலிடம் உதவி கேட்ட முதல் ஆள்
உன் கதிரைதான்.

குறிப்பேட்டை வாங்கி எழுதிக் காட்டினேன்.
நாற்காலி.
நான்கு கால் உள்ளது என்று பொருள்.
ஆனால் எண்ணிப் பார்,
நா-வுக்கு ஒரு கால், கா-வுக்கு ஒரு கால்,
எழுத்தில் இருப்பது இரண்டுதான்.
மிச்சத்தை இருக்கிறவர் கொண்டுவர வேண்டும்.
எங்கள் வீட்டில் சொன்னது கதிரை,
போர்த்துக்கீசன் இறக்கிவைத்துப் போன சொல்,
அதில் ஒரு காலும் கிடையாது.
ஆனாலும் என் அப்பா
அதில்தான் முப்பது வருடம் பேப்பர் படித்தார்.

கடைசியாக இன்னொன்றும் சொன்னேன்:
கால் என்றால் எங்களுக்கு நான்கில் ஒன்றும்கூட.
நீ செய்திருப்பது முக்கால்.
என்னிடம் இருக்கிறது ஒரு பொய்க்கால்.
கூட்டினால் எவ்வளவு?

ஒன்று, என்றாள் உடனே.
பிறகு,
பொய்யைக் கூட்டலாமா, என்றாள்.
எனக்குப் பதில் தெரியவில்லை.

டிராம் வந்தது.
நான் எழ, கதிரை சரிந்து
தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம்.
புவாலெம் பெருமூச்சு விட்டார்,
அதை நிமிர்த்தினார்,
பையிலிருந்து நீட்டு ரொட்டியை உருவி
கத்தியால் அளவாக வெட்டி
வெறும் மூலைக்கு அடியில் செங்குத்தாக நட்டார்.
நேற்றைய ரொட்டி. அரை விலை. நல்ல இறுக்கம்.

மாயெல் நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தினாள்.
பின்கண்ணாடியில் எனக்குத் தெரிந்தவரை
நின்றுகொண்டிருந்தது.